ஏழாவது இடத்துக் குரல்

அர்ரே என்றால் வரிசை என்றுதான் நான் முதலில் படித்துக்கொண்டேன். சொல்லித் தர ஆள் கிடையாது. பழைய புத்தகக் கடையில் கிடைத்த, நடுப்பக்கங்கள் கழன்றுபோன, பிஎச்பி என்கிற கம்ப்யூட்டர் பாஷைப் புத்தகம் ஒன்று இருந்தது. மற்றதெல்லாம் திரையில் வரும் பிழைச் செய்திகள் திட்டித் திட்டிக் கற்றுக்கொடுத்தவை. "திட்டுறவதான் திருத்துவா" என்று எங்கம்மா சொல்லும். பிஎச்பி நன்றாகத் திட்டக்கூடிய பாஷை. ஆனால் எல்லாத் தப்புக்கும் திட்டாது. சிலதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டுவிடும். அந்த மாதிரி விட்டுவிட்ட ஒன்று இன்னமும் என் காதில் கேட்கிறது.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். காளவாசலில் ஒரு மாடியில் பிரவுசிங் சென்டர். விளாங்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து அங்கேதான் வேலை பார்த்தேன். டைப் அடிப்பது, படம் ஸ்கேன் செய்வது, போஸ்டர் டிசைன், இதற்கு நடுவில் வெப்சைட். ஓனர் அண்ணன் சௌராஷ்டிரர். வீட்டு ஆட்களோடு போனில் அவர்கள் பாஷையில் மெதுவாகப் பேசிக்கொண்டே இருப்பார். கோபம் வந்தால் மட்டும் தமிழுக்கு வந்துவிடுவார். "நான் திட்டுறதுக்குன்னே ஒரு பாஷ கத்துக்கிட்டேம்மா" என்பார்.

வெப்சைட் என்றால் என்ன, பிஎச்பி என்றால் என்ன என்று வருகிறவர்களுக்கு அவர்தான் விளக்குவார். "சும்மா வெப்சைட்டுன்னா காலையிலயே போட்டு அடுக்கி வச்ச பூரி. பிஎச்பின்னா நீங்க வந்து உக்காந்து கேட்டப்பறம் ஊத்துற தோச. மாஸ்டர் உள்ள சர்வர்ல நிப்பான்." அந்த மாஸ்டருக்கு முன்னால் இருக்கும் மாவும் சட்னியும்தான் அர்ரே. பெயர்கள், படங்கள் எல்லாவற்றையும் எண் போட்டு அதில் வைத்துவிட்டால் போதும். அஞ்சாவதைக் கொடு என்றால் அஞ்சாவதை எடுத்துப் பக்கமாக ஊற்றிக் கொடுத்துவிடும்.

அப்படி ஒரு நாள் ஒரு சார் வந்தார். மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் கிளார்க். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் கோயிலில் ஆர்கன் வாசிக்கிறவர். கிறிஸ்தவர்களும் கோயில் என்றுதான் சொல்வார்கள். ஒல்லியான மனிதர். பேச்சு அதைவிட ஒல்லி.

"பாப்பா, எங்க பாடகர் குழுவுக்கு ஒரு வெப்சைட் வேணும். பாடி முடிச்சா காத்தோட போயிருது. வெளிநாட்டுல இருக்க எங்க சபைப் பிள்ளைக கேக்கட்டும்."

"எத்தன பேரு சார்?"

"இருபதுக்கு மேல. ஆனா பேரு எங்களுக்கு ரெண்டாம்பட்சம் பாத்துக்க. இடந்தான். யாரு எங்க நிக்கணும்னு ஒரு இடம் உண்டு. மூணு, சுருதி ஏறுது. ஒம்போது, வாயத் தொறந்து பாடு. இப்பிடித்தான் கூப்புடுவோம்."

"அப்ப நீங்க எத்தனாவது சார்?"

"நான் உக்காந்திருக்கவன். எனக்கு எடமில்ல. பூஜ்யம்னு போட்டுக்க."

எனக்கு ஒரே சந்தோஷம். அர்ரே பூஜ்யத்திலிருந்துதான் எண்ண ஆரம்பிக்கும். அந்த ஒன்றாலேயே எத்தனையோ முறை எனக்குக் கணக்கு இடறியிருக்கிறது. இவரோ தானாக வந்து பூஜ்யத்தில் உட்கார்ந்துகொண்டார். முதலிடத்தில் நிற்கிறவர் ஒன்றில், ஏழாவது இடத்தில் நிற்கிறவர் ஏழில் என்று அப்படியே பொருந்திவிட்டது. அவர்கள் நிற்கிற மாதிரியே வெப்சைட்டிலும் நிற்கட்டும் என்று முடிவு செய்தேன். முதல் பக்கத்தில் சார். கீழே 'அடுத்தவர்' என்று ஒரு பொத்தான். அதை அழுத்த அழுத்த ஒவ்வொருவராக வருவார்கள்: படம், பெயர், எந்தக் குரல், பிடித்த கீர்த்தனை. பக்கம் திறந்ததுமே அவர்கள் பாடின நாலு வரியும் தானாக ஒலிக்கும்.

குரல்களை சார் ஒரு கேசட்டில் பிடித்துக்கொண்டு வந்தார். டேப் ரிக்கார்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு ஒயரைச் சொருகி, ஒவ்வொரு குரலாக வெட்டிச் சேமித்தேன். கேசட்டில் பெயரே சொல்லவில்லை. "ஒண்ணு" என்பார் சார், ஒரு குரல் பாடும். "ரெண்டு" என்பார், இன்னொரு குரல். நானும் குரல்1, குரல்2 என்று இட எண்ணையே கோப்புகளுக்குப் பெயராக வைத்தேன். படமும் பெயரும் அர்ரேக்குள் இருந்தன. குரல் மட்டும் வெளியே, இடத்தின் எண்ணை நம்பி இருந்தது. பின்னால் நடந்ததற்கெல்லாம் இதுதான் வேர்.

ஏழாவது குரல் வந்தபோது வெட்டுகிற கை நின்றுவிட்டது. "ஏழு" என்றார் சார். ஒரு பெண் தொண்டையைச் செருமினாள். லேசாகச் சிரித்தாள். "ஆரம்பிக்கவாங்க?" என்றாள். சற்றுத் தள்ளி சாரின் குரல், "ம்." அந்த 'ம்' முடிகிற இடத்திலேயே பாட்டு தொடங்கிவிட்டது. சிரிப்பை வெட்டினால் பாட்டின் முதல் எழுத்தும் போய்விடும். அப்படியே விட்டுவிட்டேன்.

"ஏழு யாரு சார்?" என்று கேட்டேன்.

"வீட்ல" என்றார்.

வெப்சைட் முடிந்ததும் அந்த அக்காவையும் கூட்டிக்கொண்டு மாடியேறி வந்தார். கதர்க்கடைப் பை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு கேபினில் உட்கார்ந்து, தன் குரல் வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டது அந்த அக்கா. "ஏங்க, சிரிப்பையும் சேத்துல்ல போட்டுருக்காக! இதக் கேட்டா அமெரிக்காக்காரன் எந்திரிச்சு ஓடிருவான்." சார் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "அதெல்லாம் ஓட மாட்டான்" என்றார். அவர் அன்று அதிகம் பேசினார் என்று பிற்பாடு நினைத்துக்கொண்டேன்.

அந்த அக்காவுக்கு ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது நினைவில்லை என்றார்கள். அவ்வளவுதான்.

கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குப் படம் கேட்டு அவர்கள் உறவினர் எங்கள் கடைக்குத்தான் வந்தார். வேறு நல்ல படம் இல்லையாம். வெப்சைட்டுக்காக நான் ஸ்கேன் செய்து வைத்திருந்த அதே படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிர்ச் சுவரில் அதே முகம். கொஞ்ச நாளில் அதன்மேல் சினிமா போஸ்டர் ஒட்டினார்கள். பிறகு கட்சிப் போஸ்டர். பிறகு ஒரு காற்றில் மேலே இருந்ததெல்லாம் கிழிந்து தொங்கியது. கதாநாயகனின் தோளுக்குப் பக்கத்திலிருந்து அந்த அக்காவின் ஒரு கண் மட்டும் பஸ் ஸ்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் ரோட்டைக் கடக்கப் பழகிக்கொண்டேன்.

அவர்கள் பாடகர் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது இறந்துபோனால் அவர் நின்ற இடத்தில் மற்றவர் நிற்பதில்லை. நெருங்கி நின்று மூடுவதும் இல்லை. ஓர் ஆள் அகலத்துக்கு இடைவெளி விட்டே பாடுவார்கள். புதிதாகச் சேருகிறவர் போய்க் கடைசியில் நிற்க வேண்டும்.

ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து சாருக்கு மறுமணம் நடந்தது. "ஒத்தக் கையில சோறு வடிக்க முடியுமா?" என்றது எங்கம்மா. அடுத்த மூச்சிலேயே, "மூத்தவ போனாலும் அவ புடிச்ச கரண்டி அடுப்படியிலதான கெடக்கும், வந்தவ பாவம்" என்றது. எங்கம்மா ஒரு விஷயத்தின் இரண்டு பக்கத்துக்கும் ஒரே நேரத்தில் வக்கீலாக நிற்கக்கூடிய பெண்பிள்ளை.

சார் ஒரு போட்டோவும் கேசட்டும் கொண்டுவந்தார். புதிதாகக் குழுவில் சேர்ந்த பெண் என்றார். அவர் கட்டிக்கொண்டவர்தான் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் எழுத வேண்டுமே என்று, "யாரு சார் இது?" என்று கேட்டேன்.

"கடைசி" என்றார்.

அர்ரேயில் கடைசியில் ஒன்றைச் சேர்ப்பது சுலபம். எண்ணே சொல்ல வேண்டாம். வெறும் அடைப்புக்குறியைப் போட்டுக் கொடுத்தால், கடைசி எண் எதுவோ அதற்கடுத்த எண்ணில் தானே போய் உட்கார்ந்துகொள்ளும். போட்டோவைச் சேர்த்தேன். கேசட்டை ஓட்டினேன். நடுங்குகிற குரல், ஆனால் சுருதி சுத்தம். பின்னால் எங்கோ குக்கர் விசில். வேறு சத்தம் இல்லை.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும், சார் மறுபடி வந்தார். உட்காரவில்லை.

"பாப்பா, ஏழ எடுத்துரு."

"எடுக்கணுமா சார்?"

"இவளுக்குச் சங்கடமா இருக்கும்."

"அவங்க ஏதும் சொன்னாங்களா?"

"அவ ஒண்ணுஞ் சொல்ல மாட்டா." படியிறங்கிப் போய்விட்டார்.

பிஎச்பியில் ஒன்றை எடுப்பதற்கு அன்செட் என்று ஒரு கட்டளை. ஒரே வரி. எழுதி, டெலிபோன் லைன் கிடைக்கக் காத்திருந்து, சர்வருக்கு ஏற்றினேன். முதல் பக்கத்தில் 'மொத்தம் இத்தனை பேர்' என்று ஒரு வரி வரும். அதில் ஒன்று குறைந்திருந்தது. சரி, போய்விட்டது என்று அடுத்த வேலையைப் பார்த்தேன்.

அங்கேதான் விஷயம். ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி சலித்துக்கொண்டு வெளியே போனால், பின்னால் நிற்கிறவர்கள் ஒரு எட்டு முன்னே வந்துவிடுவார்கள். போனவளுக்கு இடம் இல்லை. அர்ரேயும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். அது வரிசையே இல்லை. முட்டைக்கடையில் அடுக்கியிருக்கிற அட்டை இருக்கிறதே, அது. நடுவில் ஒரு முட்டையை எடுத்தால் மற்ற முட்டைகள் நகராது. குழி அப்படியே இருக்கும்.

அது ஒரு கோடை மதியம். காளவாசல் முக்கில் தார் இளகிச் செருப்பில் ஒட்டுகிற வெயில். சென்டரில் ஆளே இல்லை. ஓனர் அண்ணன் போனில் அவர் பாஷையில் யாரையோ கொஞ்சிக்கொண்டிருந்தார். ஒரு பெண் படியேறி வந்து வாசலிலேயே நின்றது. சார் கடைசியாகக் கொண்டுவந்த போட்டோவில் பார்த்த முகம். அதனால் எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

"வாங்கக்கா. சார் வரலையா?"

"அவுகளுக்குத் தெரியாது." உள்ளே வந்து உட்கார்ந்தது. "தங்கச்சி, எங்க பாடகர் குழு நெட்டுல இருக்காமே, அதக் கொஞ்சம் காட்டுறீங்களா? எங்கக்கா சவூதில நர்சா இருக்கு. நேத்து போன் பண்ணி, ஏன்டி, நீ சேந்துட்டேன்னு சொன்ன, உன்னயக் காணோமேங்குது. எல்லாரையும் தேடிப் பாத்துச்சாம். நான் இல்லையாம். நடுவுல ஒரு பொம்பள மொகமே இல்லாமப் பாடுறாளேடி, அது யாருன்னு கேக்குது."

"அப்பிடியெல்லாம் இருக்காதுக்கா" என்று சொல்லிக்கொண்டே வெப்சைட்டைத் திறந்தேன். முதலில் ஆர்கனுக்குப் பின்னால் சார். வந்த அக்கா மவுஸைத் தானே வாங்கிக்கொண்டு 'அடுத்தவர்' அழுத்தியது. ஒன்று. இரண்டு. ஒவ்வொருவரையும் பார்த்துப் புன்னகைத்தபடி வந்தது. ஆறு. அடுத்தவர்.

வெறும் சட்டம். படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மூலையில் சிவப்புப் பெருக்கல் குறி. 'பெயர்:' என்று இருந்தது, பெயர் இல்லை. 'குரல்:' என்று இருந்தது, எதிரே ஒன்றுமில்லை. 'பிடித்த கீர்த்தனை:' அதற்கும் பதில் இல்லை. பிஎச்பி ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். இங்கே ஆளே இல்லையே, யாரைக் கேட்கிறாய் என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல், இல்லாத ஆளுக்கும் தோசை ஊற்றி வைத்திருந்தது.

பிறகு ஸ்பீக்கரில் தொண்டையைச் செருமும் சத்தம். சிரிப்பு.

"ஆரம்பிக்கவாங்க?"

"ம்."

பாட்டு ஓடியது. அண்ணன் போனைக் கையில் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார். நாலு வரி முடிந்தது.

அந்த அக்கா மறுபடி அந்தப் பக்கத்தைத் திறந்தது. மறுபடி சிரிப்பு, "ஆரம்பிக்கவாங்க?", "ம்." மூன்றாம் முறை திறக்கப்போன கையை மடியில் வைத்துக்கொண்டது.

"இதான் அவுகளா?"

"ஆமாக்கா."

"இன்னைக்குத்தான் கேக்குறேன் அவுக கொரல." ஸ்பீக்கரைக் காட்டி, "இந்த 'ம்' யாரு, இவுகளா?"

"சார்தான்."

'அடுத்தவர்' அழுத்திக்கொண்டே போனது. கடைசிக்கு முந்தைய ஆள் வந்ததும் பொத்தான் காணாமல் போய்விட்டது. அதற்குமேல் போக வழியில்லை. தான் இருக்க வேண்டிய இடத்தைத் திரையில் தேடுகிற மாதிரி அங்குமிங்கும் அம்புக்குறியை நகர்த்திப் பார்த்தது.

"இல்லதான்" என்றது.

"என்னம்மா, செத்தவுகள எடுத்தா உசுரோட இருக்கவுகளும் சேந்து போயிட்டாங்க?" என்று வந்து நின்றார் அண்ணன். "உன் சர்வருக்கு ஒரு எலுமிச்சம்பழத்தச் சுத்திப் போடு." சொல்லிவிட்டு அந்த அக்காவின் முகத்தைப் பார்த்து, "சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேம்மா" என்று நகர்ந்துவிட்டார்.

நான் நிரலைத் திறந்து பார்த்தேன். பார்த்ததும் புரிந்துவிட்டது, புரிந்தது பயத்தைக் குறைக்கவில்லை. எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்து, அத்தனை பக்கம் காட்டு என்று எழுதியிருந்தேன். ஆள் ஒன்று குறைந்ததால் பக்கமும் ஒன்று குறைந்துவிட்டது. ஆனால் ஏழாவது குழி மூடவில்லை. காலிக் குழிக்கும் ஒரு பக்கம் போக, இருக்கிற ஒருத்திக்குப் பக்கம் இல்லாமல் போனது. கடைசியில் நின்றவள் வெளியே.

முட்டை அட்டையைச் சொல்லி அந்த அக்காவுக்கு விளக்கினேன். நன்றாகவே விளங்கிக்கொண்டது.

"அப்ப நான் உள்ளதான் இருக்கேன்?"

"உள்ளதான்கா இருக்கீங்க. காட்டத்தான் மாட்டேங்குது."

"எங்க வீடு மாதிரி" என்றது. "நான் வாரதுக்கு முன்னாடி இவுக அவுக படத்தயெல்லாம் எறக்கிட்டாக. எனக்காகத்தான், நல்ல மனசுலதான். செவுத்துல ஆணி மட்டும் இருக்கு. படம் மாட்டியிருந்த எடம் சதுரமா வெளுத்துப்போய் இருக்கு. அந்தச் சதுரத்துக்கு எதிர உக்காந்துதான் ரெண்டு பேரும் சாப்புடுறோம். அங்கிட்டும் பேச்சில்ல, இங்கிட்டும் பேச்சில்ல. படம் இருந்திருந்தா நான் ஒரு தடவ பாத்துட்டுச் சோத்தப் பெசைஞ்சிருப்பேன். கோயில்லயும் அந்த எடம் காலி. இப்ப இதுலயும்."

எனக்குத் தெரிந்த வேலையைச் செய்வோம் என்று, "குழிய மூடிறலாம்கா, ஒரு நிமிசம்" என்றேன். அர்ரேயை முதலிலிருந்து மறுபடி எண்ணச் சொல்கிற கட்டளை ஒன்று உண்டு. எல்லாரும் நெருங்கி நின்றுகொள்வார்கள். எழுதி ஏற்றினேன். நடுவில் கரண்ட் போய், யுபிஎஸ் கத்திக் கத்தி எங்கள் இரண்டு பேரையும் அவசரப்படுத்தியது.

ஏழாவது பக்கத்தைத் திறந்தேன். வெறும் சட்டம் போயிருந்தது. எட்டில் நின்ற ரிட்டையர்ட் டீச்சரம்மா, தடிமனான கண்ணாடியோடு, அங்கே வந்து நின்றார். வகுப்பில் பேசினவர்களைப் பார்க்கிற பார்வை. அவருடைய படத்துக்கு அடியிலிருந்து ஒரு இளம் சிரிப்பு.

"ஆரம்பிக்கவாங்க?"

"ம்."

இரண்டு பேரும் நாற்காலியோடு பின்னால் போனோம். பிறகு அந்த அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அய்யோ, அந்த டீச்சரு சிரிச்சே நான் பாத்ததில்ல" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது. எனக்குச் சிரிக்க வரவில்லை. ஆட்கள் நகர்ந்துவிட்டார்கள்; குரல்கள் நகரவில்லை. அவை வெளியே இருந்தன, இட எண்ணை நம்பிக்கொண்டு. எட்டிலிருந்து எல்லாருக்கும் முந்தைய ஆளின் குரல். கடைசிவரை போனோம். அந்த அக்காவின் படம் இப்போது வந்தது. ஆனால் அதன் வாயில் பக்கத்தில் நிற்கிற பெண் பாடியது.

"நான் தெரியறேன். பாடுறது வேற ஆளு" என்றது.

"அதையும் சரி பண்ணிறலாம்கா. ஏழாம் குரலத் தூக்கிட்டு, மத்ததுக்கெல்லாம் பேர மாத்திட்டா முடிஞ்சுது. சாயங்காலத்துக்குள்ள பண்ணிருவேன்."

"வேண்டாம். யாரையும் நகத்தாதீங்க." மவுஸிலிருந்து கையை எடுத்தது. "அவுக படம் வச்சிருக்கீங்களா?"

"இருக்கு."

"பழையபடி அந்த எடத்துலயே வச்சா நான் வருவனா?"

யோசித்துப் பார்த்தேன். ஏழு திரும்பி வந்தால் எண்ணிக்கை பழையபடி நிறைந்துவிடும். குழியும் இருக்காது, கடைசி ஆளுக்குப் பக்கமும் இருக்கும். "வருவீங்க" என்றேன். "ஆனா சார்தான் எடுக்கச் சொன்னாரு."

"எனக்குச் சங்கடம்னுதான சொன்னாரு?"

"ஆமா."

"சங்கடம் என்னோடதுதான? நான் சொல்றேன், வைங்க."

வைத்தேன். மறுபடி எண்ணச் சொன்ன வரியையும் எடுத்துவிட்டேன். அந்தப் படத்தை மறுபடி திறந்தபோது சுவரில் கிழிந்து தொங்கிய ஒற்றைக் கண் ஞாபகம் வந்தது. இரண்டு கண்ணும் இருப்பதைப் பார்த்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. ஏழாவது பக்கத்தில் இறந்துபோன அக்கா, தன் பெயரோடு, தன் கீர்த்தனையோடு, தன் சிரிப்போடு நின்றது. எட்டில் டீச்சரம்மா தன் கட்டைக் குரலில் பாடினார். கடைசியில் இந்த அக்கா. நடுங்குகிற குரல், பின்னால் குக்கர் விசில்.

தன் குரலைக் கேட்டு முடித்துவிட்டு, "நான் யார்கிட்டயும் கேக்கல, ஆரம்பிக்கவான்னு" என்றது. "அவுக ஆபீஸ் போயிருந்தாக. அடுப்படியில டேப்ப வச்சுப் பாடினேன்."

எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "நான் வந்தத நானே சொல்லிக்கிறேன். வாரேன் தங்கச்சி" என்று படியிறங்கியது.

இரண்டு நாள் படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே நிமிர்ந்து பார்த்தேன். மூன்றாம் நாள் சார் வந்தார். அதே கேபின். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தானே திறந்தார். எனக்கு அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது. பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் போனார். ஏழில் நின்றார். பக்கம் மாறவேயில்லை. ஓனர் அண்ணன் என்னைப் பார்த்து, போய்க் கேளு என்று கண்ணால் சொன்னார். நான் மாட்டேன் என்று தலையசைத்தேன். பிறகு எட்டு வந்தது. ஒன்பது. கடைசிவரை போனார். அந்த நடுங்குகிற குரலையும் கேட்டார். மறுபடி அதையே கேட்டார். ஹெட்போனைக் கழற்றி, ஒயரைச் சுற்றி வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார்.

திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

இப்போது அந்த வெப்சைட் இல்லை. யாரும் புதுப்பிக்கவில்லை, போய்விட்டது. போஸ்டர் ஒட்டின சுவரையும் ரோட்டுக்காக இடித்துவிட்டார்கள். நான் அதற்கப்புறம் எவ்வளவோ பெரிய அர்ரேக்கள் எழுதிவிட்டேன். ஆனால் ஒன்றை அன்செட் செய்துவிட்டு அந்த இடத்தைத் திரும்பிப் பார்க்காமல் போனதில்லை. மதியத்தில் கரண்ட் போய் எங்காவது யுபிஎஸ் கத்தினால், அடுத்து அந்தச் சிரிப்பு வரும் என்று காது தானாகக் காத்திருக்கும்.

அன்று ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுப் போன சார் மறுவாரமே வந்தார், கையில் ஒரு கேசட்.

"கடைசிக் குரல மாத்தணும் பாப்பா. அது சரியாப் பதியல."

நன்றாகப் பதிந்துதான் இருந்தது. குக்கர் விசில்கூடத் தெளிவாகக் கேட்டது. நான் அதைச் சொல்லவில்லை. எழுதுகிற சாக்கில், "யாரு சார்?" என்று கேட்டேன்.

சார் ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்ல" என்றார்.

அவர் போன பிறகு ஒயரைச் சொருகி கேசட்டை ஓட்டினேன். டேப்பின் இரைச்சல். ஒரு நாற்காலி நகர்ந்தது. வெகுநேரம் ஒன்றுமில்லை. ஆரம்பிக்கவா என்று அவள் கேட்கவில்லை, கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. இரைச்சல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. டேப் தீர்ந்துவிடுமோ என்று நான் குனிந்து பார்த்தபோது, பக்கத்தில், மிகப் பக்கத்தில், சார் சொன்னார்:

"ம்."

அதற்கப்புறம்தான் அவள் பாடினாள்.